அணு அமைப்பு பாடம்: தெர்மாகோல் மாடல் தவிர கிளாஸ்ல வேற என்ன செய்யலாம்?

புதுச்சாக்பீஸ்:

வணக்கம். விருதுநகர் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில ஒன்பதாவதுக்கு அறிவியல் எடுக்குறேன், தமிழ் மீடியம், கிளாஸ்ல நாப்பது பிள்ளைங்களுக்கு மேல. அடுத்த வாரம் அணு அமைப்பு ஆரம்பிக்கணும். போன வருஷமே அணுவைப் பத்தி கொஞ்சம் படிச்சுட்டுத்தான் வர்றாங்க, அதனால சோடியத்தோட எலக்ட்ரான் அமைப்பு என்னன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் 2, 8, 1னு சொல்லிடுவாங்க, வட்டம் போட்டு புள்ளி வெச்சு அழகா படமும் வரைவாங்க. ஆனா "நடுவுல உட்கரு இருக்குன்னு எப்படித் தெரியும், யாரும் கண்ணால பார்த்ததில்லையே"ன்னு கேட்டா மொத்த கிளாஸும் "புக்குல போட்டிருக்கு மிஸ்"ங்குது. அவ்வளவுதான், அதுக்கு மேல நகரவே மாட்டேங்குது.

செயல்பாடா நடத்தலாம்னு தேடினா எல்லா இடத்துலயும் ஒரே ஐடியாதான், தெர்மாகோல் பந்து, பாசிமணி, கம்பி வளையம். அதுவும் பாதி ஸ்டேஷனரி கடையில ரெடிமேடா வாங்கினது, மீதி வீட்டுல அக்கா செஞ்சு குடுத்தது. செஞ்சு முடிச்ச பிறகு பிள்ளைக்கு புதுசா என்ன தெரிஞ்சதுன்னு பார்த்தா ஒண்ணும் இல்ல.

45 நிமிஷ பீரியட். லேப்ல ஸ்பிரிட் லேம்ப், கொஞ்சம் உப்புங்க, பழைய காந்தம், அவ்வளவுதான் இருக்கு. ஹைடெக் லேப் எப்பவும் பத்தாவதுக்குத்தான் போகுது. கைக்காசு கொஞ்சம் போட்டுக்கலாம். செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்களேன்.

கோலிகுண்டு:

நீங்க கேட்ட கேள்வியிலேயே பாதி பதில் இருக்கு மேடம். பாசிமணி மாடல்ல நாம சொன்னதையே திருப்பிச் செஞ்சு காட்டுறாங்க, அவங்க எதையும் கண்டுபிடிக்கல. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணை எப்படிக் கண்டுபிடிச்சாங்கங்கறதைச் செய்ய வைங்க, அதுக்கு முன்னாடி உட்கருங்கற வார்த்தையையே எடுக்காதீங்க.

முதல் நாள் மூடின டப்பா. அஞ்சாறு பிளாஸ்டிக் ஜாமெட்ரி பாக்ஸ் இல்ல செருப்பு அட்டைப்பெட்டி எடுத்து உள்ள ஏதாவது போட்டு (ஒண்ணுல கோலி, ஒண்ணுல ரப்பர், ஒண்ணுல காந்தம், ஒண்ணுல நடுவுல ஒட்டின அட்டைத்தடுப்போட ஒரு கோலி) டேப் போட்டு நல்லா ஒட்டிடுங்க. குலுக்கலாம், சாய்க்கலாம், காதுல வெக்கலாம், வெளியில இருந்து காந்தம் காட்டலாம், திறக்க மட்டும் கூடாது. உள்ள என்ன இருக்குன்னு படம் போட்டு, ஏன் அப்படி நினைக்கிறேன்னு பக்கத்துலயே எழுதணும். கடைசி வரைக்கும் திறக்காதீங்க! கெஞ்சுவாங்க, காலைப் பிடிப்பாங்க, மதியம் லஞ்ச்ல வந்து கேப்பாங்க, அசையக் கூடாது. அணுவை ஆராய்ஞ்ச விஞ்ஞானி ரூதர்ஃபோர்டுக்கும் யாரும் திறந்து காட்டலைன்னு சொல்லிட்டு போய்க்கிட்டே இருங்க.

ரெண்டாவது நாள்தான் முக்கியமானது. பரீட்சை அட்டை அளவுல ஒரு பலகை, அதுக்கு அடியில நாலு மூலையிலயும் கட்டை வெச்சு கொஞ்சம் தூக்கி, நடுவுல தெர்மாகோல்ல வெட்டின வடிவம் ஒண்ணை ஒளிச்சு வெக்கணும், முக்கோணமோ சதுரமோ வட்டமோ. பிள்ளைங்க ஒரு பக்கத்துல இருந்து கோலிகுண்டு உருட்டி எந்தப் பக்கமா வெளிய வருதுன்னு மேல ஒட்டின நியூஸ்பேப்பர்ல கோடு போடணும். நாலு பக்கமும் உருட்டினா கோடுங்களைப் பார்த்தே வடிவம் பிடிபட்டுடும். இது முடிஞ்ச கையோட அந்தக் கதையைச் சொல்லுங்க: 1909, மான்செஸ்டர், ரூதர்ஃபோர்டோட லேப்ல கைகரும் மார்ஸ்டெனும் இருட்டு ரூம்ல உக்காந்து மைக்ராஸ்கோப் வழியா துத்தநாக சல்ஃபைடு திரையில ஒவ்வொரு மினுக்கா எண்ணினது, ஆல்பா துகள் (பாசிட்டிவ் மின்சுமை உள்ள சின்னத் துகள்) பெரும்பாலும் தங்கத் தகட்டுல நேரா ஊடுருவிப் போனது, பல ஆயிரத்துல ஒண்ணு மட்டும் வந்த வழியே திரும்பினது. மார்ஸ்டெனுக்கு அப்ப வயசு 20தான், காலேஜ் பையன். இதைச் சொன்னா பின்பெஞ்சும் நிமிர்ந்து உக்காரும். அதுல இருந்து ரூதர்ஃபோர்டு உட்கரு இருக்கணும்னு எழுத 1911 ஆயிடுச்சு.

ஒரே ஒரு எச்சரிக்கை, கோலி போய் முட்டித் திரும்புது, ஆல்பா துகள் முட்டல, பாசிட்டிவும் பாசிட்டிவும் விலக்கினதால திரும்புச்சு. இதைச் சொல்லாம விட்டா உட்கருன்னா ஏதோ கெட்டிக் கல்லுன்னு மனசுல உக்காந்துடும். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்ணை பலகைக்கு அடியில வெச்சு, மேல இன்னொரு வளையக் காந்தத்தை அதே துருவம் பார்க்குற மாதிரி தள்ளி விட்டுப் பாருங்க, தொடாமலே ஒதுங்கிப் போகும். அந்த வித்தியாசம் அங்கேயே புரிஞ்சுடும்.

கணக்கு பிடிக்கிற பசங்க இருந்தா இன்னொண்ணு. 60 செ.மீ. அகலத்துக்கு ஸ்கேல் வெச்சுத் தடுத்து, நடுவுல ஆறு கோலியை ஒண்ணுக்கொண்ணு நல்லா தள்ளி வெச்சு, அதே சைஸ் கோலியைக் கண்ணை மூடிக்கிட்டு நூறு தடவை உருட்டச் சொல்லுங்க. எத்தனை தடவை முட்டுச்சுன்னு மட்டும் எண்ணணும். முட்டின எண்ணிக்கையை 60ஆல பெருக்கி, உருட்டின எண்ணிக்கையால வகுத்து, அதை இன்னும் 12ஆல வகுத்தா கோலியோட விட்டம் வந்துடும் (ஆறு கோலி, ஒவ்வொண்ணும் முட்டுறதுக்கு ரெண்டு விட்டம் அகலம் எடுத்துக்கும், அதான் 12). 32 தடவை முட்டுச்சுன்னு வைங்க, 1.6 செ.மீ. வரும். அப்புறம் ஸ்கேல் வெச்சு அளந்து பார்க்கச் சொல்லுங்க. ஸ்கேல் இல்லாமலே ஒரு பொருளோட அளவு கிடைச்சுதேன்னு அவங்களே வாயைப் பொளப்பாங்க.

பிடி_பீரியட்:

மேல உள்ளது நல்லா இருக்கு, ஆனா பசங்க ஓடி ஆடணும்ல. நான் கிரவுண்டுல கோலப்பொடியில மூணு வட்டம் போட்டு நடுவுல சிவப்பு ரிப்பன் கட்டின பசங்க புரோட்டான், வெள்ளை ரிப்பன் நியூட்ரான், வெளிய சுத்துறவங்க எலக்ட்ரான்னு விளையாட விடுவேன். விசில் அடிச்சு "கார்பன்"னு கத்தினா ஆறு, ஆறு, ஆறுன்னு அவங்கவங்க இடத்துக்குப் போயிடணும், தப்பான வட்டத்துல நிக்கிறவன் அவுட். 2, 8னு வாயால சொல்றதை விட காலால ஓடினா மறக்கவே மறக்காது. செலவு கோலப்பொடி மட்டும்தான்.

கோலிகுண்டு:

பிடி சார், விளையாட்டு ஜாலிதான், அணு எண் மனப்பாடம் ஆகும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்தப் பையன் பிளஸ் ஒன் போறப்ப கெமிஸ்ட்ரி மிஸ் ஆர்பிட்டால்னு (எலக்ட்ரான் இருக்க வாய்ப்புள்ள இடம்) ஆரம்பிச்சா "எலக்ட்ரான் கிரவுண்டுல ஓடுற மாதிரி கோட்டு மேலயே ஓடும்"ங்கறதை மண்டையில இருந்து பிடுங்கவே முடியாது. ஓடுறதுக்குப் பதிலா அந்த வட்டத்துல எங்க வேணும்னாலும் நில்லுன்னு விடுங்களேன், இல்ல வட்டத்தைப் படிக்கட்டா மாத்துங்க, முதல் படியில ரெண்டு பேர், ரெண்டாவது படியில எட்டு பேர். படின்னா ஆற்றல்ங்கற எண்ணமாவது வரும்.

கிரவுண்டு கைவசம் இருந்தா நான் வேற ஒண்ணு செய்வேன். ஒரு கடுகை நடுவுல வெச்சு "இதான் ஹைட்ரஜனோட உட்கரு, அந்த ஒரு எலக்ட்ரான் எங்க இருக்கும்னு போய் நில்லுங்க"ன்னு சொல்லுவேன். ஒருத்தன் ஒரு அடி தள்ளி நிப்பான், ரொம்ப தைரியமானவன் கோல்போஸ்ட் வரைக்கும் போவான். கடுகு 2 மி.மீ.னா கிட்டத்தட்ட 60 மீட்டர் தள்ளிப் போகணும், எங்க ஸ்கூல்ல அது காம்பவுண்டு சுவத்தைத் தாண்டி டீக்கடை. அப்ப நடுவுல என்ன இருக்குன்னு எவனாவது கேப்பான். கேக்கலைன்னா நீங்க கேளுங்க. தங்கத் தகட்டுல ஆல்பா துகள் ஏன் நேராப் போச்சுங்கறதுக்கு அதுக்கப்புறம் விளக்கமே தேவைப்படாது.

பிடி_பீரியட்:

படிக்கட்டு ஐடியா எடுத்துக்குறேன் சார். அவுட் ஆக்குறதை மட்டும் விட மாட்டேன் 😄

சோடியம்லேம்ப்:

உட்கரு வரைக்கும் மேல சொல்லியாச்சு, நான் எலக்ட்ரான் பக்கம் வர்றேன். ஆற்றல் மட்டம்னு ஒண்ணு இருக்குன்னு எதை வெச்சு நம்பணும்? இதுக்கு ஒண்ணும் சொல்லாம நேரா கே, எல், எம் கூடுன்னு போறதுதான் எல்லா ஊர்லயும் நடக்குது. கையில சாட்சி இருக்கு, பழைய சிடி.

அட்டைப்பெட்டியில ஒரு பக்கம் மெல்லிசா ஒரு கீறல், ரெண்டு பிளேடை ஒட்டி வெச்சா ஓரம் சுத்தமா வரும். எதிர்ப்பக்கம் உள்ளுக்குள்ள சிடியைச் சாய்ச்சு ஒட்டி, மேல ஒரு ஓட்டை போட்டு அதுவழியா சிடியைப் பார்க்கணும். சிடியில ஒரு மில்லிமீட்டருக்கு 625 வரி இருக்கு, அதுதான் வெளிச்சத்தைப் பிரிச்சுக் குடுக்குது. முதல்ல குண்டு பல்பைப் பார்க்கச் சொல்லுங்க, சிவப்புல இருந்து ஊதா வரைக்கும் விடாம ஒரே பட்டை. அப்புறம் சிஎஃப்எல் இல்லைன்னா பழைய டியூப்லைட் (எல்இடி டியூப் வேண்டாம்), தனித்தனிக் கோடா நிக்கும், அதுல பளிச்னு ஒரு பச்சைக் கோடு பாதரசத்தோடது (546 நானோமீட்டர்). எந்த ஊர்ல எந்தக் கம்பெனி பாதரச டியூப்லைட் வாங்கினாலும் அந்தப் பச்சை அங்கேயேதான் இருக்கும். ஏன் இடையில கலரே இல்லன்னு கேளுங்க. எலக்ட்ரான் எங்க வேணாலும் இருக்கலாம்னா எல்லா கலரும்ல வந்திருக்கணும், குறிப்பிட்ட படிகள்ல மட்டும் இருந்து, ஒரு படியில இருந்து இன்னொண்ணுக்குத் தாவினாதான் குறிப்பிட்ட கலர் மட்டும் வரும். விஞ்ஞானி நீல்ஸ் போர் 1913ல ஹைட்ரஜன் கோடுங்களை வெச்சு செஞ்சதும் இதே யோசனைதான். எல்இடி பல்பு கொஞ்சம் ஏமாத்தும், நீலத்துல ஒரு மேடு, மிச்சமெல்லாம் பட்டையா வரும், அதைக் கடைசியில காட்டுங்க. சூரியனை அந்தப் பெட்டி வழியா பார்க்கவே கூடாது, இதைப் போர்டுலயே எழுதிப் போட்டுடுங்க.

ஸ்பிரிட் லேம்ப் இருக்குன்னீங்க, சுடர் சோதனையும் செய்யலாம். நிக்ரோம் கம்பி இல்லைன்னா ஐஸ்குச்சியை உப்புக் கரைசல்ல ராத்திரி முழுக்க ஊறப்போட்டு சுடர்ல காட்டினா போதும், குச்சி கருகுறதுக்குள்ள கலர் தெரிஞ்சுடும். சமையல் உப்பு மஞ்சள், காப்பர் சல்பேட் நீலம் கலந்த பச்சை. பொட்டாசியம் லேசான ஊதா, ஆனா அதுல துளி சோடியம் கலந்திருந்தாலும் மஞ்சள் வந்து அமுக்கிடும், நீல கோபால்ட் கண்ணாடி வழியா பார்த்தாதான் ஊதா தெரியும். சாம்பார் பொங்கி அடுப்புல வழிஞ்சா சுடர் மஞ்சளா மாறுதே, அது ஏன்னு வீட்டுல பார்த்துட்டு வரச் சொல்லுங்க, அம்மாக்களும் சேர்ந்து யோசிப்பாங்க. காப்பர் சல்பேட்டைத் தொட்ட கையைக் கழுவாம டிபன் பாக்ஸைத் திறக்க விடாதீங்க, ஜடையும் துப்பட்டாவும் கட்டியிருக்கணும், ஜன்னல் திறந்திருக்கணும். குச்சியை நீங்களே பிடிக்கிறது நல்லது, நாப்பது பேர் கையில நெருப்பு வேண்டாம்.

பழையகாசு:

ஐசோடோப்புக்கு (ஒரே தனிமம், அணுவோட எடை மட்டும் வேற) யாரும் ஒண்ணும் சொல்லலையே, அதுக்குத்தான் வந்தேன். ஒரு ரூபாய் காசு எடுங்க. 2011க்கு முன்னாடி வந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காசு 4.85 கிராம், 2011ல மாத்தின டிசைன் 3.79 கிராம். ரெண்டும் ஒரு ரூபாய்தான், கடையில ஒரே மிட்டாய்தான் குடுப்பான், எடை மட்டும் வேற. 2019க்கு அப்புறம் வந்தது இன்னும் சின்னது, அதைக் கலந்துடாதீங்க, காசுல இருக்குற வருஷத்தைப் பார்த்துப் பொறுக்குங்க.

பத்துக் காசை, எத்தனை பழசு எத்தனை புதுசுன்னு சொல்லாம, ஒரு சின்ன டப்பாவுல போட்டு ஒட்டிக் குடுங்க. காலி டப்பாவோட எடையை மேல எழுதிடுங்க. கையடக்க டிஜிட்டல் தராசு ஒண்ணு போதும், கிராமுல ரெண்டு புள்ளி காட்டணும். டப்பாவைக் கழிச்சு 42.14 வந்தா உள்ள பழசு நாலு, புதுசு ஆறு. பிள்ளைங்க இதை இயற்கணிதமா போடலாம், இல்ல எல்லாமே புதுசுன்னா 37.90, ஒவ்வொரு பழசுக்கும் 1.06 கூடும்னு ஏறிக்கிட்டே போகலாம். சராசரி ஒரு காசுக்கு 4.214, ஆனா அந்த எடையில ஒரு காசு கூட டப்பாவுல கிடையாது. இதை அவங்க வாயால சொல்ல வெச்சுட்டு குளோரினுக்குப் போங்க, மூணு பங்கு 35, ஒரு பங்கு 37, கூட்டி நாலால வகுத்தா 35.5. "அரை நியூட்ரான் எங்க மிஸ் இருக்கு"ங்கற கேள்வியே வராது.

விஞ்ஞானி ஃபிரெடெரிக் சோடி ஐசோடோப்புன்னு பேர் வெச்சது 1913, சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடிச்சது 1932. நடுவுல 19 வருஷம் ஒரே தனிமம் ஏன் ரெண்டு எடையில இருக்குன்னு சரியான காரணம் தெரியாமலே இருந்திருக்காங்க. புக்குல பக்கத்துப் பக்கத்துல வர்றதால எல்லாம் ஒரே நாள்ல கண்டுபிடிச்ச மாதிரி பசங்க நினைச்சுக்குறாங்க, இந்த வருஷத்தையும் சேர்த்துச் சொல்லுங்க.

ரெண்டுபிள்ளைஅம்மா:

நான் டீச்சர் இல்லைங்க, என் பொண்ணு ஸ்கூல்ல செஞ்சதைச் சொல்றேன். 28 செ.மீ. நீளத்துக்கு பேப்பர் பட்டை, பாதியா வெட்டு, அதுல பாதி, அதுல பாதின்னு வெட்டிக்கிட்டே போகணும், 31 தடவை வெட்டினா அணு அளவு வந்துடும்னு சொல்லி கத்திரிக்கோலைக் குடுத்துட்டாங்களாம். முப்பத்தொண்ணுதானேன்னு கெத்தா ஆரம்பிச்சவங்க எட்டுலயே ஒரு மில்லிமீட்டருக்கு வந்து முழிச்சிருக்காங்க. வீட்டுக்கு வந்து ஊதுபத்தி அட்டையில எல்லாம் வெட்டிப் பார்த்தா, வீடெல்லாம் குப்பை.

புதுச்சாக்பீஸ்:

அப்பா, ஒரே நாள்ல இவ்வளவு வரும்னு நினைக்கல, எல்லாருக்கும் நன்றி. பேப்பர், டப்பா, கோலி, கடுகு, சிடி, காசு, இந்த வரிசையில போலாம்னு இருக்கேன், ஆறு பீரியட் ஆகும், பாடம் பின்தங்குதுன்னு ஹெச்எம் கேட்டா கேக்கட்டும், அலகுத் தேர்வு மார்க்கைக் காட்டிக்கலாம்.

இன்னும் ஒரு சந்தேகம். மூணாவது கூட்டுல 18 எலக்ட்ரான் வரைக்கும் போகலாம்னு ஃபார்முலா சொல்லித் தர்றோம், அடுத்த பக்கத்துலயே பொட்டாசியம் 2, 8, 8, 1. போன வருஷம் ஒரு பொண்ணு எந்திரிச்சு "எட்டுலயே ஏன் மிஸ் நிறுத்திட்டாங்க, இன்னும் பத்து சீட் காலியா இருக்கே"ன்னு கேட்டுச்சு. துணைக்கூடு பத்தியெல்லாம் ஒன்பதாவதுல இல்ல. இதுக்கும் ஏதாவது சாட்சி மாதிரி காட்ட முடியுமா, இல்ல அடுத்த வருஷங்கள்ல வரும்னு சொல்லிட வேண்டியதுதானா?

பிஜிகெமிஸ்ட்ரி:

அந்தப் பொண்ணை விட்டுடாதீங்க, நேரா சயின்ஸ் குரூப்புக்கு அனுப்புங்க.

சாட்சி இருக்கு மேடம், வெறும் பேப்பரும் பென்சிலும் போதும். ஒரு அணுவுல இருந்து எலக்ட்ரானை ஒவ்வொண்ணா பிடுங்க எவ்வளவு ஆற்றல் வேணும்னு அளந்து வெச்சிருக்காங்க. சோடியத்துக்கு கிலோஜூல் கணக்குல (ஒரு மோலுக்கு) போர்டுல எழுதிப் போடுங்க: 496, 4562, 6910, 9543, 13354, 16613, 20117, 25496, 28932, 141362, 159076. எலக்ட்ரான் அமைப்பைப் பத்தி மூச்சு விடக் கூடாது. ஒவ்வொண்ணும் அதுக்கு முந்தினதைப் போல எத்தனை மடங்குன்னு வகுத்துப் பார்க்கச் சொல்லுங்க, குரூப்புக்கு ரெண்டு கணக்குன்னு பிரிச்சா அஞ்சு நிமிஷம்தான்.

என்ன வரும்னா, முதல்ல இருந்து ரெண்டாவதுக்கு 9 மடங்கு, அப்புறம் எல்லாம் ஒண்ணேகால், ஒன்றரைன்னு சாதுவா போகும், ஒன்பதுல இருந்து பத்துக்கு மறுபடி கிட்டத்தட்ட 5 மடங்கு. தாவுற இடத்துல கோடு போடுங்கன்னு சொன்னா 1, 8, 2ன்னு தானா பிரியும். வெளிய இருந்து உள்ள பிடுங்கறோம், திருப்பிப் படிச்சா 2, 8, 1. மனப்பாடம் பண்ணின அந்த 2, 8, 1 நம்பர்ல இருந்தே எழுந்து வர்றதைப் பார்க்குறப்ப கிளாஸ் கொஞ்ச நேரம் சத்தமே போடாது, நான் பார்த்திருக்கேன்.

இப்ப உங்க பொட்டாசியம். முதலாவது 419, ரெண்டாவது 3052. ஏழு மடங்கு தாவுது. பத்தொன்பதாவது எலக்ட்ரான் மத்த எட்டோட அதே கூட்டுல இருந்திருந்தா இந்தத் தாவல் வந்தே இருக்காது. ஆக அது தனியா, வெளிய, லேசா ஒட்டிக்கிட்டு இருக்குன்னு அந்தப் பொண்ணே சொல்லிடும். ஏன் அப்படிங்கறதுக்கு மூணாவது கூட்டுக்குள்ளயே உயரமான படி, தாழ்வான படி இருக்கு, மீதி பத்து சீட்டு இருக்குற படியை விட நாலாவது கூட்டோட முதல் படி பொட்டாசியத்துக்குத் தாழ்வா அமையுது, எலக்ட்ரான் தாழ்வான படிக்குத்தான் முதல்ல போகும்னு ஒரு வரி போதும். ஸ்காண்டியத்துல இருந்து அந்தப் பத்து சீட்டும் நிரம்ப ஆரம்பிக்குதுன்னு சேர்த்துச் சொல்லிட்டா 18ங்கற ஃபார்முலாவும் பொய்யில்லன்னு ஆயிடும். தனிம அட்டவணையைச் சுவத்துல மாட்டி நாலாவது வரிசையைக் காட்டுங்க, நடுவுல சரியா பத்துக் கட்டம் நீட்டிக்கிட்டு இருக்கும்.

புதுச்சாக்பீஸ்:

சார்ர்ர்! இது எனக்கே யாரும் இப்படிச் சொல்லித் தரல. காலேஜ்ல அந்த நம்பரெல்லாம் டேபிள்ல பார்த்ததோட சரி. வகுத்துப் பார்த்துட்டேன், 1, 8, 2 வந்துடுச்சு, ராத்திரி பதினொரு மணிக்கு தனியா உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருக்கேன்.

சோடியம்லேம்ப் சார், சிடி எங்கயும் கிடைக்க மாட்டேங்குது, வீட்டுல டிவிடிதான் கிடக்கு, அது ஆகுமா?

சோடியம்லேம்ப்:

தாராளமா ஆகும், இன்னும் நல்லாவே வரும். டிவிடியில வரி ரெண்டு மடங்குக்கு மேல நெருக்கம், கலர் இன்னும் அகலமா பிரியும். சிடிக்குச் சொன்ன அதே சாய்வுல வெச்சா கோடு ஓட்டைக்கு நேரா விழாது, ஒட்டுறதுக்கு முன்னாடி கையால திருப்பித் திருப்பிப் பார்த்து பச்சைக் கோடு எங்க தெரியுதோ அங்க டேப் போடுங்க. கீறலை எவ்வளவு மெல்லிசாக்க முடியுமோ ஆக்குங்க, அகலமா இருந்தா கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து பட்டை மாதிரி ஆயிடும்.